சிரேனேயில் அழிந்த செடியும் நம் வீட்டுப் பெருங்காயமும்



சில ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த கிராமச் சபையொன்றில் அசனப் பண்டிகை நடைபெற்றது. ஆலயத்தின் பின்புறத்தில் விடியற்காலையிலேயே அடுப்புகள் மூட்டப்பட்டுவிட்டன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு இலை போடவேண்டும். பத்து மணியளவில் தலைமைச் சமையற்காரர் என்னைத் தேடிவந்தார். வயதில் என்னிலும் மூத்தவர். சுற்றுவட்டாரச் சபைகளின் அசனங்களில் கரண்டி பிடித்தே நரைத்தவர்.

"ஐயா, சாமான் சீட்டுல பெருங்காயம் விட்டுப்போச்சு. இன்னைக்குக் கடையும் கிடையாது. ரசத்துக்குப் பூண்டைக் கூடுதலாத் தட்டிப் போட்டுச் சமாளிச்சிருக்கேன். ருசி கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அதைச் சொல்லிட்டுப் பரிமாறச் சொல்லுங்க."

ஆயிரம் பேர் கூடும் பந்தியில் ரசத்தின் மணத்தை யார் ஆராயப்போகிறார்கள் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பெருங்காயம் இல்லாதது குத்தமில்லை ஐயா. இருக்கிற மாதிரி காட்டினாத்தான் குத்தம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்.

அந்தச் சொல் என் மனத்தின் ஓர் ஓரத்தில் கிடந்தது. பல ஆண்டுகள் கழித்து, ஒரு லெந்து காலத்தில், நம் ஆண்டவருடைய சிலுவையைச் சுமந்த சிரேனே ஊரானாகிய சீமோனைப் பற்றிப் பிரசங்கிக்க ஆயத்தம் செய்தேன். சிரேனே எங்கே இருந்தது, எத்தகைய நகரம் என்று தேடிப் படித்தபோது, எதிர்பாராத ஒன்று கையில் அகப்பட்டது. அந்நகரத்தின் கதை, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவில் வந்து முடிகிறது. உலக வரலாற்றில் ஒரு சமையற்பொருளுக்குப் பதிலாக இன்னொன்று வந்து அமர்ந்த கதைகளில் இதைப்போல் மனத்தைத் தொடுவது வேறொன்றை நான் அறியேன். ஆகவே இவ்வாரத் தியானத்தை ஒரு வரலாற்றுக் கட்டுரையாகவே எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

சிரேனே, இன்றைய லிபியாவின் கடற்கரையை அடுத்த மேட்டுநிலத்தில், கி.மு. 631-ஐ ஒட்டி, தேரா என்னும் தீவிலிருந்து குடியேறிய கிரேக்கர்களால் நிறுவப்பட்ட நகரம். வட ஆப்பிரிக்கா என்றவுடன் நம் கண்முன் மணல் விரிகிறது. ஆனால் அந்த மேட்டுநிலம் மழை பெறுவது, தானியம் விளைவது, ஆடுமாடும் குதிரையும் செழித்தது. அதற்கும் தெற்கே, விளைநிலம் முடிந்து பாலைவனம் தொடங்குவதற்கு முன் உள்ள வறண்ட மேய்ச்சல் வெளியில் ஒரு செடி தானாக முளைத்தது. கிரேக்கர் அதற்குச் சில்பியம் என்று பெயரிட்டனர்.

அரிஸ்டாட்டிலின் மாணவரும் தாவரவியலின் தந்தை எனப் போற்றப்படுபவருமான தியோப்ராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியையொட்டி இச்செடியை விரிவாக வருணித்துள்ளார். தடித்த வேர், பெருஞ்சீரகத்தை ஒத்த, ஆனால் அதனினும் பருத்த தண்டு, வேரையும் தண்டையும் கீறினால் வடியும் பால். அப்பால் இறுகிப் பிசினாகும். அதுவே விலையுயர்ந்த பொருள். தண்டை வேகவைத்தும் சுட்டும் உண்டனர். இலையைத் தின்ற ஆடுகளின் இறைச்சி தனிச்சுவை பெற்றது. நகரம் நிறுவப்படுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் பெய்த ஒரு பெருமழைக்குப் பின்னரே இச்செடி தோன்றியதென்று அவ்வூரார் நம்பினர். அதைப் பயிரிட முடியவில்லை. உழுத நிலத்தை விட்டு அது விலகிப்போகும். காட்டில் தன் விருப்பம்போல் வளரும்.

சிரேனே தன் நாணயங்களில் இச்செடியைப் பொறித்தது. பருத்த தண்டும், இருபுறம் விரியும் இலைகளும், உச்சியில் பூங்கொத்துமாக அந்த வெள்ளிக்காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஒரு நகரம் தன் முகமாக ஒரு செடியைத் தெரிந்துகொண்டது என்றால் அதன் வாழ்வு அச்செடியில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதை உணரலாம்.

தியோப்ராஸ்டஸ் தரும் செய்திகளில் இரண்டு என்னை நிறுத்தி வைத்தன. முதலாவது, வேரைக் கீறுவதற்குச் சிரேனேயில் ஒரு முறைமை இருந்தது. சுரங்கங்களில் பங்கு பிரித்துக் கொடுப்பதுபோல, இன்னின்னார் இவ்வளவே கீறலாம் என்று அளவு வைத்திருந்தனர். இதுவரை எவ்வளவு வெட்டப்பட்டது, இனி எவ்வளவு மீந்திருக்கிறது என்று பார்த்தே அந்த அளவைத் தீர்மானித்தனர். மிஞ்சி வெட்டுவதற்கு அனுமதியில்லை. இரண்டாவது, பால் கெட்டுப்போகாமல் ஏதென்ஸின் துறைமுகத்துக்குச் சென்று சேரும்படி, அதைப் பாத்திரத்தில் இட்டு, மாவு கலந்து, நெடுநேரம் குலுக்கிப் பதப்படுத்தினர். இன்று நாம் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தின் உறையைத் திருப்பிப் பாருங்கள். அதிலும் மாவும் பிசினும் சேர்ந்திருப்பதாக அச்சிட்டிருக்கும். இந்தக் கைப்பக்குவத்துக்கு இருபத்துமூன்று நூற்றாண்டு வயது.

கி.மு. 96-இல் சிரேனேயின் கடைசி அரசன், வாரிசின்றி இறக்கும்போது, தன் நாட்டை ரோமருக்கு எழுதிவைத்தான். கி.மு. 74-இல் அது ரோம மாகாணமாயிற்று. இதற்கிடையில் சில்பியத்தின் பிசின், லத்தீனில் 'லாசர்' என்ற பெயரோடு, ரோமாபுரியின் செல்வர் சமையலறைகளில் முதலிடம் பெற்றிருந்தது. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி அது எடைக்கு எடை வெள்ளிக்காசு பெற்றது என்கிறார். கி.மு. 93-இல் சிரேனேயிலிருந்து 30 ராத்தல் ரோமுக்கு வந்ததை ஒரு பொது நிகழ்ச்சியாகவே அவர் பதிவு செய்கிறார். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் ஜூலியஸ் சீசர் அரசு கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் எடுத்தபோது, அவற்றோடு 1,500 ராத்தல் லாசரையும் எடுத்தார் என்கிறார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 490 கிலோ. ஒரு வல்லரசின் கருவூலத்தில் பொன்னுக்குப் பக்கத்தில் ஒரு சமையற்பிசின் பூட்டிவைக்கப்பட்டிருந்தது.

பிறகு அது இல்லாமற்போயிற்று. பிளினியின் வாழ்நாளில் தேடிக் கிடைத்தது ஒரே ஒரு தண்டு. அதை நீரோ பேரரசனுக்கு அனுப்பிவைத்தனர். நீரோ ஆண்டது கி.பி. 54 முதல் 68 வரை. அப்போஸ்தலனாகிய பவுல் இராயனுக்கு அபயமிட்டு ரோமுக்குச் சென்ற காலம் அதுவே.

ஏன் அழிந்தது? பிளினி காரணம் சொல்கிறார். மேய்ச்சல் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், பிசினைக் காட்டிலும் ஆடு மேய்ப்பதில் அதிக ஆதாயம் உண்டென்று கண்டு, செடிகள் முற்றிலும் ஒழியும்படி மேயவிட்டார்கள். அவர் பயன்படுத்தும் சொல்லை நம் வேதாகம வாசகர்கள் அறிவார்கள். ரோமக் குத்தகைக்காரர்களைக் குறிக்கும் அச்சொல்லே ஐரோப்பிய வேதாகமங்களில் நம் 'ஆயக்காரர்' என்ற சொல்லின் இடத்தில் நிற்கிறது. மத்தேயுவும் சகேயுவும் அந்தக் குத்தகை முறையின் உள்ளூர்க் கைகள். சிரேனேயின் மேய்ச்சல் வெளியை ஏலத்தில் எடுத்தவர்கள் அதே முறையின் பெரிய முதலாளிகள். குத்தகைக்காரனுக்கு அடுத்த தலைமுறை கணக்கில் வராது. குத்தகை முடிவதற்குள் போட்ட பணத்தை எடுக்கவேண்டும். 'எவ்வளவு மீந்திருக்கிறது' என்று கேட்ட பழைய நகரத்தின் இடத்தில், 'இவ்வாண்டு எவ்வளவு கிடைக்கும்' என்று மட்டும் கேட்பவர்கள் வந்து அமர்ந்தார்கள்.

நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஸ்ட்ராபோ என்னும் நிலவியலாளர், பாலைவன நாடோடிகள் பகைமையினால் படையெடுத்து வேர்களை அழித்தார்கள் என்று எழுதுகிறார். காடழிந்து நிலம் வறண்டதும் காரணமாகலாம் என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஒரு பொக்கிஷம் அழியும்போது பெரும்பாலும் ஒரே கை அதில் பட்டிருப்பதில்லை.

இனி, பதிலாள் வந்த கதைக்கு வருவோம்.

மகா அலெக்சாந்தரின் படை, கி.மு. 329-ஐ ஒட்டி, இந்துகுஷ் மலைகளைக் கடந்தது. கடுங்குளிர்; விறகில்லை; உணவுமில்லை. பொதிசுமந்த மிருகங்களைக் கொன்று பச்சை இறைச்சியாகவே உண்ண நேர்ந்தது. அம்மலைகளில் மிகுதியாக வளர்ந்திருந்த சில்பியமே அந்தப் பச்சை இறைச்சியைச் செரிக்க உதவியது என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். அது சிரேனேயின் செடியன்று, அதன் உறவு. ஆயினும் கிரேக்க வீரர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரையே அதற்கு இட்டனர். இன்று அந்த மலைகளிலும் ஈரானிலும் விளையும் அவ்வினத்துப் பிசினை நாம் பெருங்காயம் என்கிறோம்.

சிரேனேயின் வரத்து குறையக் குறைய, ரோமின் சந்தையில் இந்தக் கிழக்கத்திய பிசின் இடம்பிடித்தது. அதற்குப் 'பார்த்திய லாசர்' என்று பெயர். அதை வரவேற்றவர்கள் முகம் சுளித்துக்கொண்டே வரவேற்றார்கள். மிகுதியாகக் கிடைக்கிறது, ஆனால் சிரேனேயின் சரக்குக்கு மிகவும் தாழ்ந்தது என்கிறார் பிளினி. மருத்துவரான டயாஸ்கோரிடீஸ், மேதியாவிலிருந்தும் சீரியாவிலிருந்தும் வருவது வலுவில் குறைந்தது, நாற்றத்தில் கொடியது என்று எழுதிவைத்தார். ஐரோப்பியர் பிற்காலத்தில் அதற்குச் சூட்டிய லத்தீன் பெயரிலேயே நாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மானியரோ அதைப் 'பிசாசின் மலம்' என்றே அழைத்தார்கள்.

அப்பீசியஸின் பெயரால் வழங்கும் ரோமச் சமையல் நூலில் ஓர் அழகிய உபாயம் உண்டு. ஒரு சிறு அளவு லாசரை வாங்கி, ஒரு கண்ணாடிக் குடுவையில் இட்டு, அதனோடு இருபது பைன் பருப்புகளையும் போட்டு மூடிவைக்கவேண்டும். சமைக்கும்போது பிசினைத் தொடாமல், மணம் ஏறிய பருப்புகளை எடுத்து அரைத்துச் சேர்க்கவேண்டும். எடுத்த எண்ணிக்கைக்குப் புதுப் பருப்புகளைத் திரும்பப் போடவேண்டும். இப்படிச் செய்தால் கொஞ்சம் லாசர் நெடுங்காலம் வரும். அரிதான ஒன்றின் அருமை அறிந்த வீட்டுக்காரரின் கை அதில் தெரிகிறது. நம் தமிழ் வழக்கில், வாழ்ந்து கெட்டவர்களைப் பெருங்காயம் வைத்த பாண்டம் என்போம். உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் வாசனை போகாது. ரோமர் அந்தப் பாண்டத்தின் வாசனையையே சமையலாக்கினார்கள்.

இதே காலத்தில் வேறொரு கூட்டமும் வேலையில் இறங்கியிருந்தது. விலை மலிந்த வேறு பிசின்களையும் இடித்த மொச்சை வகைகளையும் கலந்து லாசர் என்று விற்றார்கள் என்று பிளினி குறைகூறுகிறார். இங்கேதான் நம் சமையற்காரரின் சொல் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. பார்த்தியாவிலிருந்து வந்த பிசின் தன் பெயரோடு வந்தது. 'நான் சிரேனேயிலிருந்து வந்தவனல்லன். ஆயினும் இந்தக் குழம்புக்கு என்னால் ஆனதைச் செய்வேன்' என்று சொல்லிக்கொண்டு வந்ததுபோல் வந்தது. மொச்சை கலந்த சரக்கோ இல்லாத பெயரைப் பூசிக்கொண்டு வந்தது. முன்னது மாற்று, பின்னது கலப்படம். மாவு சேர்ப்பதும் சேர்க்காததும் இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. சிரேனேயாரும் மாவு சேர்த்தார்களே. உள்ளதைச் சொல்லிப் பரிமாறினோமா என்பதே பிரிக்கிறது.

தாழ்ந்தது எனப்பட்ட அந்தப் பதிலாளுக்குப் பின்னர் நேர்ந்ததைக் கவனியுங்கள். சில்பியம் போனது, அதைப் புகழ்ந்த பேரரசு போனது, பெருங்காயம் நின்றது. ஐரோப்பாவின் சமையலறைகள் காலப்போக்கில் அதைக் கைவிட்டன. இந்தியாவிலோ அது ஒருநாளும் பதிலாளாக இருந்ததேயில்லை. ஆப்கானிய மலைகளிலிருந்து நேராக நம்மிடம் வந்தது. வடமொழி மருத்துவ நூல்கள் அதை 'ஹிங்கு' என்று போற்றின. தமிழர் அதன் பெயரிலேயே 'பெரு' என்று சேர்த்தார்கள். வெங்காயமும் பூண்டும் உண்ணாத சமணரும் வைணவரும் அவற்றின் இடத்தில் பெருங்காயத்தையே நாடினார்கள். மூன்றிலும் கந்தகம் கலந்த மணப்பொருள்கள் இருப்பதனால் அது பொருந்துகிறது. எங்கள் அசனத்தில் நடந்தது அதன் மறுதலை. பெருங்காயத்தின் இடத்தில் பூண்டு.

அந்தப் பிசின் நம் கைக்கு வரும் வழியும் அறியத்தக்கது. செடி முதிர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். வேரின் தலைப்பகுதியை மண் நீக்கித் திறந்து கீறுவார்கள். பால் வடிந்து இறுகும். அதைச் சுரண்டி எடுத்து, மீண்டும் கீறுவார்கள். பச்சையாக முகர்ந்தால் குமட்டும். சூடான எண்ணெயில் ஒரு துண்டு விழுந்ததும் அந்த நாற்றமே வீட்டைக் கூப்பிடும் மணமாகிறது. இந்தியா ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 டன் பெருங்காயத்தை ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளிலிருந்து வாங்குவதாக அரசின் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. பாலம்பூரிலுள்ள அந்நிறுவனத்தின் முயற்சியால், 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நடப்பட்டது. மறுபுறம், இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மஹ்முத் மிஸ்கி, துருக்கியில் வளரும் ஓர் அரிய செடி பழைய சில்பியமாக இருக்கக்கூடும் என்று 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அது உறுதிப்படவில்லை. மனிதன் இழந்ததை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

இப்போது சிரேனேயின் மக்களிடம் திரும்புவோம். செடி அருகிப்போன அதே தலைமுறைகளில் அந்நகரத்தார் நம் வேதாகமத்தில் வருகிறார்கள். நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோனைப் பிடித்துப் பலவந்தமாகச் சிலுவையைச் சுமக்கவைத்தார்கள் (மாற்கு 15:21). பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோரின் பட்டியலைப் பாருங்கள் (அப்போஸ்தலர் 2:9, 10). முதலில் நிற்பவர்கள் பார்த்தரும் மேதரும். சற்றுக் கீழே சிரேனேயைச் சுற்றியுள்ள லீபியாவின் திசையார். உயர்ந்த சரக்கின் தேசமும் தாழ்ந்த சரக்கின் தேசமும் ஒரே வீட்டில், ஒரே ஆவியின் கீழ் கேட்டுக்கொண்டிருந்தன. பின்பு, அந்தியோகியாவுக்கு வந்து கிரேக்கரிடத்தில் துணிந்து சுவிசேஷம் சொன்னவர்களில் சிரேனே பட்டணத்தார் இருந்தார்கள் (அப்போஸ்தலர் 11:20). அந்தியோகியாச் சபையின் போதகர்களில் லூகி என்பவர் சிரேனே ஊரானே. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் சினேசியஸ் என்னும் பேராயர் இருந்தார். அவருடைய கடிதங்களிலும் சில்பியம் குறிப்பிடப்படுகிறது. எங்கோ சில செடிகள் எஞ்சியிருந்தனவா, வேறொரு செடி அப்பெயரைத் தாங்கி நின்றதா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள்.

சீமோனைப் பற்றி ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். நம் பாவங்களைச் சுமக்கும் வேலையில் ஆண்டவருக்குப் பதிலாள் இல்லை. அவரே நமக்குப் பதிலாக நின்றவர். சீமோன் சுமந்தது மரத்தின் பாரம் மட்டும். அவரை யாரும் தெரிந்தெடுக்கவில்லை, அவரும் முன்வரவில்லை. விழுந்துபோகும் தோளுக்குப் பதில் அகப்பட்ட ஒரு தோள். ஆயினும் மாற்கு அவருடைய இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதிவைத்தார். ஆதிச் சபை அந்தக் குடும்பத்தை அறிந்திருந்தது போலும்.

தமிழில் 'மாற்று' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்றுக்குப் பதிலாக வருவது மாற்று. பொன்னை உரைத்துப் பார்க்கும் தரமும் மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம் அல்லவா? பதிலுக்கு வந்ததையும் தரத்தையும் ஒரே சொல்லால் அழைத்த நம் மொழியில், அதே வேரிலிருந்து ஒரு கொடிய வழக்கும் முளைத்துவிட்டது. அநீதியாக நடத்துவதை 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்கிறோம். மேடையிலும் சொல்கிறோம், செய்தித்தாளிலும் எழுதுகிறோம். நம் சபையிலேயே, தாயிழந்த பிள்ளைகளுக்குச் சோறூட்டி, தலைவாரி, காய்ச்சலில் கண்விழித்து வளர்த்த பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். அண்ணன் இறந்ததனால் படிப்பை விட்டுக் குடும்பத்தைத் தாங்கும் தம்பிமார் இருக்கிறார்கள். மகனும் மருமகளும் வெளிநாட்டில் இருக்க, பேரப்பிள்ளைகளுக்குப் பெற்றோராக நிற்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். இவர்களை நாம் டயாஸ்கோரிடீஸின் கண்ணால் பார்க்கிறோம். 'முந்தினதைப்போல் வருமா' என்று எடைபோடுகிறோம். பாரம் சுமக்கப்படுகிறதா என்று பார்ப்பதில்லை.

என்னையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். நெடுங்காலம் ஊழியம் செய்து எல்லாராலும் நேசிக்கப்பட்ட ஒரு போதகர் மாறிச்சென்ற இடத்துக்கு நான் அனுப்பப்பட்டேன். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வாசற்படியில் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து, "நல்லாத்தான் பிரசங்கம் பண்ணுதீய ஐயா. ஆனா முந்தின ஐயா மாதிரி வராது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் பல மாதங்கள் நான் செய்த மதியீனத்தை இன்று வெட்கமின்றிச் சொல்லுகிறேன். அவரைப்போல் ஜெபத்தை நீட்டினேன். அவர் பாணியில் குரலை உயர்த்தினேன். அவர் சொல்லிய உவமைகளைக் கேட்டறிந்து சொன்னேன். இல்லாத பெருங்காயத்தை இருப்பதுபோல் காட்டினேன். யாரும் ஏமாறவில்லை. நான் மட்டும் களைத்துப்போனேன்.

பிறகு ஒருநாள் ஜெபக்கூட்டத்தில், "எனக்கு முன்னிருந்தவரை நீங்கள் இழந்தது மெய்யான இழப்பு. அவரைப்போல் என்னால் இருக்க இயலாது. என்னிடத்தில் உள்ளதைக் கொண்டு உங்களுக்கு ஊழியம் செய்ய அனுமதியுங்கள்" என்று சொன்னேன். அன்று முதல் எனக்கும் மூச்சு வந்தது. அவர்களும் தங்கள் பழைய போதகரைப் பற்றி என் முன்னிலையில் தயக்கமின்றிப் பேசத் தொடங்கினார்கள். நான்காம் ஆண்டில் அந்த மூதாட்டி படுக்கையில் விழுந்தார். முந்தின ஐயா வழக்கமாக வாசிக்கும் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். என் குரலில் வாசித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடியும்வரை என் கையை விடாமலிருந்தார்.

மாற்று வந்துவிட்டதே என்று இழப்பை மறப்பதும் தவறு. பார்த்திய லாசர் மலிவாகக் கிடைத்ததால் சிரேனேயின் செடிக்காக அழுதவர்கள் குறைந்திருக்கலாம். நம் ஊர்க் குளங்களும், பாரம்பரிய விதைகளும், முதியோரின் வாயில் மட்டும் மீந்திருக்கும் பழைய கீர்த்தனைகளும் ஒவ்வொன்றாக மறையும்போது, 'அதற்கென்ன, வேறொன்று இருக்கிறதே' என்று கடந்துபோகிறோம். பழைய சிரேனேயார் கீறுவதற்கு முன் கேட்ட கேள்வி நமக்கும் உரியது: எவ்வளவு வெட்டினோம்? எவ்வளவு மீந்திருக்கிறது? குத்தகைக்காரரின் கணக்கில் இந்தக் கேள்வி இல்லை. உக்கிராணக்காரரின் கணக்கில் இருக்கவேண்டும்.

இவ்வாரம் உங்கள் வீட்டில் ரசம் தாளிக்கும்போது, அந்தச் சிறு துண்டு எண்ணெயில் பொரியும் மணம் வரும். ஒரு காலத்தில் தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட பொருள் அது. உங்கள் குடும்பத்தில் ஒருவருடைய இடத்தில் வந்து நின்று, ஒப்பிடப்பட்டே தேய்ந்துபோன ஒருவர் இருந்தால், அன்றைய பந்தியில் அவருக்கு முதலில் பரிமாறுங்கள். அவருடைய பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள். அந்த இடத்தில் நிற்பவர் நீங்களேயானால், முந்தினவரைப்போல் காட்டிக்கொள்ளும் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, உங்களுக்குரிய பாரத்தை மட்டும் சுமந்துசெல்லுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக. ஆமென்.